ஆறு மணிக்குள் தர வேண்டிய கவுன்

அரண்மனைத் தெரு ஸ்டுடியோவில்
நாள் வாடகை இருநூறு.
சுபைர் பாய் இரண்டு வைத்திருந்தார்.
ஒன்றை யுகேஜி பட்டமளிப்புக்குக்
கொண்டுபோயிருந்தார்கள்.
மிச்சம் இருந்தது வக்கீல் கவுன், ஒன்றே ஒன்று.

கடைசித் தேர்வு முடிந்த மத்தியானம்
ஏழு பேர், ஒரு ஷேர் ஆட்டோ,
உச்சிப்புளி தாண்டி அரியமான்.
வடகடல்
வாய்தா வாங்கிய வழக்கு மாதிரி
அசையாமல் கிடந்தது.
சொன்னது நான் இல்லை, வழிவிட்டான்.
எதற்கும் ஒரு உவமை வைத்திருப்பான்.

முதலில் அவன்தான் போட்டுக்கொண்டான்.
சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி
மூட்டம் போடுகிறவர் அவன் அப்பா.
"கறுப்பு நமக்குப் புதுசா?" என்று தோளைக் குலுக்கினான்.
கோர்ட்டுப் பக்கமே வர மாட்டானாம்.
குரூப் டூ எழுதி, சார்பதிவாளர்.
"நாற்காலி. மேலே மின்விசிறி."
மின்விசிறியை அழுத்திச் சொன்னான்.

ஜுலைகாவுக்கு நீளம் அதிகம்.
மணலில் இழுபட்ட ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தாள்.
கீழக்கரையில் நிச்சயம் ஆன தேதியும்
சிவில் நீதிபதி தேர்வும் ஒரே வாரத்தில்.
எதை ஒத்திவைக்கச் சொல்லப்போகிறாய் என்று கேட்டோம்.
"ரெண்டு பக்கமும் மனு போட்டிருக்கேன்" என்றாள்.
சிரிக்கவில்லை.

பூவலிங்கம் அண்ணன், நாற்பத்தாறு வயது,
கவுனுக்குள்ளும் ஹவில்தார் விறைப்பு.
முதுகுளத்தூரில் அரை ஏக்கர்,
பங்காளி வழக்கு,
பதினாலு வருஷம், நாலு வக்கீல்.
ஐந்தாவது அவரே.
வேறு கட்சிக்காரர் யாரும் வேண்டாமாம்.

மகிழனுக்கு மூன்று அரியர்.
கவுனைத் தொடவில்லை. எங்கள் பைகளைப் பிடித்துக்கொண்டான்.

தங்கச்சிமடம் ரெஜினாள்
கடலுக்கு முதுகு காட்ட மாட்டேன் என்றாள்.
வெளிச்சம் அப்படித்தான் இருக்கிறது என்று
போனை வைத்துக்கொண்டு நான் கெஞ்சினேன்.
"பார்த்துக்கிட்டே நிக்கிறேன். எடு."
மூன்று வருஷமாக அவள் சித்தப்பாவின் படகு
அக்கரையில் மட்கிக்கொண்டிருக்கிறது.
வழக்குத் தாள் சிங்களத்தில்.
ஒவ்வொரு எழுத்தாய்ப் படிக்கிறாள் இப்போது,
நண்டு நடந்த மணல் போல இருக்கிறதாம்.
பின்னந்தலை மட்டும் விழுந்த அந்தப் படம்தான்
எடுத்ததில் நன்றாக வந்தது.

காளீஸ்வரியால்தான் சண்டை.
விரலில் துணி சுற்றி
தீவோரம் முங்கிப் பாசி எடுக்கிறவர் அவள் அம்மா.
வனத்துறை இரண்டு தடவை பிடித்தது.
அபராத ரசீதுகளைச்
சாட்சியச் சட்டப் புத்தகத்துக்குள் அவள் வைத்திருப்பதை
எல்லோரும் பார்த்திருக்கிறோம்.
வழக்குப் போடத்தான் படிக்கிறாள் என்று
நாங்களாகவே தீர்ப்பு எழுதியிருந்தோம்.
அவள் ரேஞ்சர் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாளாம்.
அவளுடைய முதல் பட்டம் தாவரவியல் என்பது
அப்போதுதான் உறைத்தது.
"அந்தப் பக்கம் போய் நிக்கப்போறியா?" என்றார் அண்ணன்.
"ரசீதுப் புத்தகம் யார் கையில இருக்கோ
அவங்கதான் சட்டம்.
நாம படிச்சது வேற."

கொஞ்ச நேரம் படம் எடுக்கவில்லை.
சவுக்குத் தோப்புக்குள்
டீக்காரர் ஒருவர் மணி அடித்துக்கொண்டு போனார்.

என் முறை வந்தபோது வெளிச்சம் இறங்கிவிட்டது.
என் அப்பா மாவட்ட நீதிமன்றத்தில் டவாலி.
வராண்டாவில் நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுகிறவர்.
வீட்டில் சாப்பிட அழைத்தாலும்
மூன்று தடவைதான், அதற்குமேல் இல்லை.
எந்த சீனியர் ஜூனியருக்கு எதுவும் தர மாட்டார்,
யார் பெட்ரோலுக்காவது தருவார், எல்லாம் தெரியும் அவருக்கு.
எனக்காக நாலு வீட்டுப் படி ஏறியிருக்கிறார்,
சீருடையைக் கழற்றாமல்.
நீ என்னடா ஆகப்போற என்றார்கள்.
அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள்
உள்ளே நுழைகிற ஆளாக, என்று வாய்வரை வந்தது.
"மதுரைக்குப் போயிடுவேன்" என்றேன்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது ஆறு பத்து.
சுபைர் பாய் கவுனை உதறினார்.
அரியமான் கொட்டியது, கல்லாவின் மேல்.
சலவைக்கு ஐம்பது ரூபாய் என்றார்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றான் வழிவிட்டான்.
இயல்பான தேய்மானம் சேதம் ஆகாது என்றாள் ஜுலைகா.
அண்ணன் ஒரு பிரிவை எண்ணோடு சொன்னார், தப்பான எண்.
நான் அதைத் திருத்தினேன்.
ரெஜினாள் எதிர்த் தரப்பையும் கேட்கணும் என்றாள்.
பாய் எல்லாவற்றையும் கேட்டார்,
கன்னத்தில் கை வைத்து, பொறுமையாக.
பிறகு,
"சரி தம்பி, அம்பது ரூவா" என்றார்.

மகிழன் கொடுத்தான்.

காளீஸ்வரி ரசீது கேட்டாள்.
மேஜை இழுப்பறையில் தேடினார் பாய்.
ரொம்ப நேரம் தேடினார்.